முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் வைத்தியம்

இனயம் கரையின் முன்னாள் படைவீரர்களுக்கு ஓர் அறைகூவல்



நான்கு ஆண்டுப் பணிக்கென்று படையில் சேர்த்த அக்னிவீரர்களின் முதல் அணிக்கு 2026 இறுதியிலிருந்து அந்தக் காலம் முடியத் தொடங்குகிறது. நூற்றுக்கு 25 பேர் வரை படையில் நிறுத்திக்கொள்வார்கள். மிச்சமுள்ள பிள்ளைகள் சேவா நிதி என்ற மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேருவார்கள். திட்டத்தின் விதிப்படி அவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது. நம் அலமாரியில் கிடக்கிறதே, முன்னாள் படைவீரர் வைத்தியத் திட்டமான இசிஎச்எஸ்ஸின் கார்டு, அதுவும் கிடையாது. பயிற்சியில் முழங்கால் போனவனுக்கும், பீரங்கிச் சத்தத்தில் காது போனவனுக்கும், பனியில் விரல் கருகியவனுக்கும் ஒரே ஒருமுறை கையில் வைக்கும் கருணைத்தொகைதான். ஊனம் 100 சதவீதம் என்றால் 44 லட்சம், 75 என்றால் 25 லட்சம், 50 என்றால் 15 லட்சம். சேவா நிதியும் மீதிக் காலச் சம்பளமும் கூடச் சேரும். இவ்வளவும் அந்த ஊனம் படைப்பணியால் வந்தது என்று மெடிக்கல் போர்டு எழுதிக்கொடுத்தால்தான்.

இருபத்திரண்டு வயதில் காலை இழந்தவன் இன்னும் ஐம்பது வருஷம் அந்தக் காலில்லாமல் வாழ வேண்டும். செயற்கைக் காலைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெட்டுப்பட்ட கால்முனை உரசிப் புண்ணாகும், முதுகு வளையும், நல்ல காலும் தேயும். பணம் வங்கியில் எத்தனை வருஷம் கிடக்கும்? வீடு கட்டவும் தங்கச்சி கல்யாணத்துக்கும் வள்ளக் கடனுக்கும் போன பிறகு, புண்ணுக்கு மருந்து யார் தருவார்?

"அது அவன்மாரு பாடு, நம்ம கார்டு பத்திரமா இருக்கு" என்று சொல்லப்போகும் தோழரிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கார்டைக் கடைசியாக எப்போது நீட்டினீர்கள்?

இனயம், இனயம்புத்தன்துறை, ராமன்துறை, முள்ளூர்துறை, மேல்மிடாலம், தேங்காய்ப்பட்டணம் என்று இந்தக் கரையில் பட்டாளத்துக்கும் நேவிக்கும் போய்த் திரும்பியவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறோம். அதில் உடம்பு கேடாகி வந்தவர்களும் இருக்கிறோம். 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தவர்கள், சியாச்சினில் நின்றவர்கள், 1999 கார்கிலுக்குப் பிறகு எல்லையில் கண்ணிவெடிக்கு நடுவே நடந்தவர்கள். கார்டு இருந்தும் இவர்களில் பலர் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் கருங்கலிலோ புதுக்கடையிலோ மெடிக்கல் ஸ்டோரில் காசு கொடுத்துத்தான் மாத்திரை வாங்குகிறார்கள். உரிமையாக வர வேண்டிய மருந்தைப் பென்ஷன் பணத்தில் வாங்குகிறோம். ஏன்?

நாகர்கோவிலில் இருக்கும் இசிஎச்எஸ் பாலிகிளினிக்குக்கு ஒரு நாள் போய்வந்தால் தெரியும். இங்கிருந்து நாகர்கோவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல். நல்ல காலுள்ளவனுக்கு அது பஸ் பயணம். செயற்கைக் கால் மாட்டியவனுக்குக் கடற்கரையிலிருந்து ஆட்டோ, கருங்கலில் பஸ் மாற்றம், படியில் ஏற ஒருவர் கை, இறங்கி மறுபடி ஆட்டோ. கூட வரும் மகனுக்கு அன்று கடலில்லை. கடலில்லை என்றால் கூலியில்லை. போய் டோக்கன் எடுத்து, டாக்டரைப் பார்த்து, ஸ்பெஷலிஸ்ட் வேண்டும் என்றால் ரெஃபரல் வாங்கி, மருந்து கவுண்டரில் நின்றால் நாலு மருந்தில் இரண்டுக்கு "என்ஏ", அதாவது இருப்பில் இல்லை, என்று எழுதித் தருவார்கள். ரெஃபரலோடு ஒப்பந்த மருத்துவமனைக்குப் போவது இன்னொரு நாள். அங்கே "இப்போ இசிஎச்எஸ் எடுக்கல, பில் பாக்கி நிக்குது" என்றால் மூன்றாவது நாள். எண்ணூறு ரூபாய் மாத்திரைக்கு மூன்று நாளும் மகனின் கூலியும் போகும் என்றால், கணக்குத் தெரிந்தவன் மெடிக்கல் ஸ்டோருக்குத்தான் போவான். அவனைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமலும் இருக்க முடியாது. அதே நாகர்கோவிலில் கேன்டீனும் இருக்கிறது. கோட்டா வாங்க மாதம் தவறாமல் பஸ் ஏறுகிறோம். அந்த நாளில் யாருக்கும் முழங்கால் வலித்ததில்லை. பாலிகிளினிக் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் கேன்டீன் கார்டைப் புதுப்பிக்க மட்டும் முதல் ஆளாக நிற்கிறோம். கோபப்படாதீர்கள், உங்களில் ஒருவனாகத்தான் சொல்கிறேன். ராத்திரி தூக்கத்தில் கத்துகிறவர்கள், வீட்டில் கை நீட்டுகிறவர்கள், ஊரில் யாரோடும் பேசாமல் இருப்பவர்கள் நம்மில் உண்டு. அதற்கும் டாக்டர் உண்டு, அதற்கும் ரெஃபரல் உண்டு. பாட்டில் அதற்கு மருந்தாகாது. மனநல டாக்டரைப் பார்த்தால் "கிறுக்கு" என்று பேர் வந்துவிடும் என்று பயந்து வீட்டுக்காரியை அழவைப்பதில் என்ன வீரம் இருக்கிறது?

இனி இசிஎச்எஸ் திட்டத்தைப் பற்றிப் பேசுவோம். 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி இசிஎச்எஸ் வந்தது. அதற்கு முன்னால் ஓய்வுபெற்ற சிப்பாய்க்கு ராணுவ மருத்துவமனையில் இடமிருந்தால் வைத்தியம். தனியார் ஆஸ்பத்திரி என்றால் சொந்தக் காசு. அந்தக் காலத்தில் காச்சல் வந்து திருவனந்தபுரம் பாங்கோடு ராணுவ மருத்துவமனைக்கு ஓடிய அப்பாமாரை நினைத்துப் பாருங்கள். இன்று நாடு முழுக்க 400-க்கு மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. குடும்பத்தோடு சேர்த்து ஏறத்தாழ 60 லட்சம் பேர் இதில் இருக்கிறோம். வாழ்நாளுக்கு ஒரே ஒருமுறை சந்தா. 2017 டிசம்பர் 29-இலிருந்து ஹவில்தார் வரை 30,000 ரூபாய், ஜேசிஓக்களுக்கு 67,000, ஆபீசர்களுக்கு 1,20,000. 1996-க்கு முன்னால் ஓய்வுபெற்றவர்களுக்கும் போர் விதவைகளுக்கும் சந்தாவே இல்லை. இத்தனை லட்சம்தான் என்று வருஷ உச்சவரம்பும் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி எதுவும் இப்படி ஒரு பாலிசி தராது. யாராவது "இசிஎச்எஸ் வேஸ்ட்" என்று டீக்கடையில் பேசினால், இதைச் சொல்லி வாயை மூடுங்கள்.

பணமும் ஒதுக்குகிறார்கள். 2024-25 பட்ஜெட்டில் 6,968 கோடி, 2025-26-இல் 8,317 கோடி. ஆனால் ஒதுக்கும் பணத்துக்கும் வரும் பில்லுக்கும் நடுவே எப்போதும் ஒரு பள்ளம் இருந்துகொண்டே இருக்கிறது. இந்திய கணக்குத் தணிக்கைத் துறை 2015-இல் இத்திட்டத்தைத் தனியே ஆராய்ந்து அறிக்கை வைத்தது. மருந்துத் தட்டுப்பாட்டையும், சில மருத்துவமனைகள் கூடுதலாகப் பில் போட்டதையும் அது எடுத்துச் சொன்னது. பத்து வருஷம் ஆன பிறகும் நமக்கு அவை புதுச் செய்தியாக இல்லை.

சீர்திருத்தம் என்று அறிவிக்கிற ஒவ்வொன்றும் நம் காலடியில் என்னவாகிறது என்று பார்க்கப் பழக வேண்டும். இப்போது நடந்ததையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு ஊழியர்களின் சிஜிஎச்எஸ் கட்டணப் பட்டியலைத்தான் இசிஎச்எஸ்ஸும் பின்பற்றுகிறது. அதில் பெரும்பாலான கட்டணங்கள் 2014-இல் போட்டதோடு அப்படியே நின்றிருந்தன. ஒரு ஆபரேஷனுக்கு 2014 விலை, நர்ஸ் சம்பளமும் மின்கட்டணமும் 2025 விலை. அதனால்தான் கார்டைக் கண்டால் ரிசப்ஷனில் முகம் சுருங்கியது. 2025 அக்டோபர் 13 முதல் கிட்டத்தட்ட 2,000 சிகிச்சைகளுக்குப் புதிய கட்டணம் வந்தது. டிசம்பர் மாதம் இசிஎச்எஸ்ஸுக்கும் வந்தது. நல்லது, வரவேற்போம்.

ஆனால் பட்டியலின் அடியில் இருப்பதையும் படியுங்கள். ஊர்களை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை போன்ற பெருநகரம் முதல் தரம். திருவனந்தபுரம், மதுரை போன்றவை இரண்டாம் தரம். அங்கே கட்டணம் 10 சதவீதம் குறைவு. மற்ற ஊர்களெல்லாம் மூன்றாம் தரம். அங்கே 20 சதவீதம் குறைவு. நாகர்கோவில் இந்த மூன்றாவதில் வருகிறது. தரச்சான்றிதழ் இல்லாத மருத்துவமனை என்றால் இன்னும் 15 சதவீதம் வெட்டு. இனயத்து ஹவில்தாரின் இருதயத்துக்கு நாகர்கோவிலில் ஒரு விலை, எல்லை தாண்டினால் இன்னொரு விலை! ஸ்டென்ட் கம்பெனிக்காரன் ஊர் பார்த்து விலை குறைக்கிறானா? இதனால் என்ன ஆகும்? சின்ன ஊரில் நல்ல வசதியுள்ள மருத்துவமனை ஒப்பந்தத்தில் சேரத் தயங்கும். சேர்ந்ததும் விலகப் பார்க்கும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் ஓடுவோம். கால் நன்றாக இருப்பவன் ஓடுவான். கால் போனவன் நின்றுவிடுவான். நகரத்துக்கு ஏற்றபடி கட்டணம் என்று டெல்லியில் எழுதியது, கடற்கரையில் ஊனமுற்றவனின் வைத்தியத்தைத்தான் முதலில் குறைக்கும்.

கூடவே "முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள்" என்கிற வழக்கம். கடையில் மருந்து வாங்கி பில்லைக் கொடு, பணம் வரும் என்கிறார்கள். வரும்தான், எப்போது என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்துப் பல வருஷம் சோதித்துப் பார்த்தது. கையிலிருந்து கொஞ்சம் பணம் போட வேண்டும் என்று வைத்தாலே ஜனங்கள் டாக்டரிடம் போவது குறைந்தது. வேண்டாத வைத்தியம் மட்டும் குறையவில்லை, வேண்டிய வைத்தியமும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. நம் அம்மாமார் இதை ஆய்வில்லாமலே அறிவார்கள்: காசில்லாத மாதத்தில் மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தானே சாப்பிடுவார்கள்.

அதே அமெரிக்காவில் 2014-இல் ஒரு பெரிய அவமானம் வெளியே வந்தது. அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், காத்திருப்போர் பட்டியலை மறைத்துவைத்துச் சீக்கிரம் வைத்தியம் நடப்பதுபோல் கணக்குக் காட்டியிருந்தார்கள். நாடே கொந்தளித்தது. பிறகு 2018-இல் சட்டம் போட்டு, 2019 ஜூனிலிருந்து ஒரு விதியை வைத்தார்கள். பொது மருத்துவரைப் பார்க்க வண்டியில் சராசரி 30 நிமிஷத்துக்கு மேல் ஆகும் என்றாலோ, 20 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்றாலோ, அரசாங்கச் செலவில் பக்கத்துத் தனியார் மருத்துவரிடம் போகலாம். ஸ்பெஷலிஸ்ட் என்றால் 60 நிமிஷம், 28 நாள். அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. பணம் தனியாருக்குப் போய் அரசு மருத்துவமனை மெலிகிறது என்ற சண்டை அங்கே இன்றும் நடக்கிறது. ஆனால் தூரமும் ஒரு மறுப்புதான் என்று சட்டத்திலேயே ஒப்புக்கொண்டார்களே, அந்த ஒன்று நமக்கு வேண்டும். இனயத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போனவனிடம் முப்பது நிமிஷக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பான்.

இதைவிட ஆழமான ஓட்டை இன்னொன்று. இசிஎச்எஸ் வாசலில் நிற்கும் காவலாளி பென்ஷன். பெரும்பாலும் ஏதாவது ஒரு பென்ஷன் இருந்தால்தான் கார்டு. பத்து வருஷம் முடிக்குமுன்னே உடம்பு கெட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவனுக்கு அந்தப் பென்ஷனைத் தருவதும் மறுப்பதும் மெடிக்கல் போர்டு தாளில் எழுதும் ஒரு வரி. நோய் படைப்பணியால் வரவில்லை, அதனால் கூடவும் இல்லை என்று எழுதிவிட்டால் பென்ஷன் போச்சு, அதோடு வைத்தியமும் போச்சு. எத்தனையோ பேர் அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, விதி என்று நினைத்து மீன் வியாபாரத்துக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டார்கள்.

அது விதி இல்லை, தோழர்களே. படையில் சேரும்போது எழுதப்படாத நோய் பிறகு வந்தால் அது படைப்பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லையென்று காட்டும் பொறுப்பு படைக்குத்தான் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. 20 சதவீதத்திலிருந்து 50-க்குள் இருக்கும் ஊனத்தை 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருப்பதை 75 ஆகவும் உயர்த்திக் கணக்கிடும் சலுகை, உடம்பு கெட்டு அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமில்லை, காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் சொன்னது. பத்து வருஷ சர்வீஸ் முடியாமல் உடம்பு கெட்டு வந்தவர்களுக்கும் இன்வேலிட் பென்ஷன் உண்டு என்று 2020 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகமே உத்தரவு போட்டது. 2019 ஜனவரி 4 அன்றோ அதற்குப் பிறகோ படையில் இருந்தவர்களுக்கு என்று ஒரு தேதிக்கோட்டையும் கிழித்தது. அந்தப் பென்ஷன் வந்தால் அதன் பின்னாலேயே கார்டு கேட்கும் உரிமையும் வரும். முறையீடு செய்து பலிக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் இருக்கிறது. 2023 செப்டம்பர் 21 முதல் ஊன பென்ஷனுக்குப் புதிய தகுதி விதிகள் வந்திருக்கின்றன; அண்ணனுக்கு நடந்த வழியே தம்பிக்கும் நடக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். தாளைக் கொண்டுவாருங்கள், படித்துப் பார்ப்போம்.

பேர் பிரச்சினையும் நம் கரையில் பெரிது. ஞானஸ்நானப் பேர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று. கல்யாணம் கழிந்ததை யூனிட்டுக்கு எழுதிப் பார்ட் டூ ஆர்டர் போடாமலே ரிட்டயர் ஆன மகான்கள் உண்டு! அவர் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அவர் கண்ணை மூடிய பிறகுதான், முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குப் பென்ஷனும் இல்லை, கார்டும் இல்லை என்று தெரியும். ஊனமுற்ற கணவனைத் தூக்கிக் குளிப்பாட்டி, தோளில் சாய்த்துக் கக்கூஸ் கூட்டிப்போன பெண்ணின் முதுகுவலிக்கு வைத்தியம் கிடையாது என்றால் அந்தப் பாவம் நம் தலையில்தான். உயிரோடிருக்கும்போது ஸ்பர்ஷ் பென்ஷன் தளத்தில் பேரைச் சரிபாருங்கள். இன்றைக்கே பாருங்கள்.

எழுபது வயது தாண்டியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2024 அக்டோபர் 29 முதல் 70 வயதான எல்லாருக்கும் வருமான வரம்பில்லாமல் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டை மத்திய அரசு திறந்துவிட்டது. இசிஎச்எஸ் உள்ளவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அதில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம், அதுவும் படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கு. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு வராது. நம்முடையதற்கு உச்சவரம்பே இல்லை. எங்காவது முகாம் போட்டு "தாத்தா, விரலை வையுங்க" என்றால், எதற்கு என்று கேட்காமல் வைக்காதீர்கள்.

இனி என்ன செய்யப்போகிறோம்?

தனியாகப் போனால் வெறுங்கையோடு திரும்பி வருவோம் என்பது தெரிந்துவிட்டது. ஒரு செக்‌ஷன் போல நடப்போம். ஊருக்கு இரண்டு மூன்று பேர் பொறுப்பேற்க வேண்டும்: நடக்க முடியாத தோழர் யார், விதவை யார், கார்டில்லாதவர் யார், என்ன நோய், எந்தத் தேதியில் மருந்து தீரும் என்று நோட்டுப் போட்டு எழுத வேண்டும். மாதத்தில் ஒரு நாள் வேன் பிடித்து எல்லாரும் ஒன்றாகப் பாலிகிளினிக் போவோம். கேன்டீன் வேலையையும் அன்றே முடித்துக்கொள்ளலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மருந்து இல்லை என்றால் எழுத்தில் வாங்குவோம். ஒப்பந்த மருத்துவமனை அவசரத்தில் வந்தவரைத் திருப்பினாலோ, முன்பணம் கேட்டாலோ, தேதியும் நேரமும் குறித்து அன்றே மனு எழுதுவோம். இரண்டுமே ஒப்பந்தத்துக்கு விரோதம். ஒப்பந்தமில்லாத மருத்துவமனையில் உயிருக்காகச் சேர்க்க நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். அந்த ஒரு போன் போடாததால் லட்சக்கணக்கில் இழந்தவர்கள் உண்டு. நெஞ்சுவலிக்காரனின் மனைவிக்கு அந்த நேரத்தில் இதெல்லாம் தோன்றாது. செக்‌ஷனுக்குத் தோன்ற வேண்டும்.

பாலிகிளினிக்கில் இருப்பவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் எல்லாருமே ஒப்பந்தப் பணியாளர்கள். பலர் நம்மைப்போல யூனிஃபார்ம் போட்டவர்கள். என்ஏ ஸ்லிப்பை அவர்கள் ஆசைப்பட்டு எழுதவில்லை. மேலே இருப்பவர்களிடம் கேட்போம். நடமாடும் பாலிகிளினிக் என்ற ஏற்பாடு இசிஎச்எஸ்ஸிலேயே உண்டு. மாதம் இருமுறை அது கருங்கல் வழியாகக் கடற்கரைக்கு வர வேண்டும். மருத்துவக் கட்டணத்தில் நாகர்கோவிலுக்குப் போட்ட 20 சதவீத வெட்டு நீங்க வேண்டும். ஊனமுற்ற அக்னிவீரனுக்கு ஆயுள் முழுக்க இசிஎச்எஸ் வேண்டும். அதே குண்டுக்கு முன்னால் நிற்கும் சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் தோழர்களுக்கும் வீட்டருகே வைத்தியம் வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை ஒருவர் எழுந்து சொன்னால் குறிப்பெடுப்பார்கள். நூறு பேர், அதில் இருபது பேர் ஊன்றுகோலோடு, போய் உட்கார்ந்தால் பதில் சொல்வார்கள்.

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று. ராணுவப் பயிற்சிக்கூடங்களில் அடிபட்டு ஊனமாகி வெளியே அனுப்பப்பட்ட ஆபீசர் கேடட்டுகள், முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லாததால் பல வருஷமாக வைத்தியமில்லாமல் கிடந்தார்கள். பத்திரிகை எழுதியது. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த மாதம் முடிவதற்குள் சந்தா இல்லாமல் அவர்களுக்கு இசிஎச்எஸ் தரும் உத்தரவு வந்தது. நாள் கணக்கில் முடிகிற காரியத்தைத்தான் இத்தனை வருஷம் முடியாது என்று வைத்திருந்தார்கள். கேடட்டுக்குத் திறந்த வாசல் அக்னிவீரனுக்கு மட்டும் ஏன் அடைபட்டிருக்க வேண்டும்?

போராட்டம் இந்தக் கரைக்குப் புதிதா? 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இனயத்தில் பன்னாட்டுப் பெட்டக மாற்று முனையத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. 27,000 கோடிக்கு மேற்பட்ட திட்டம். ஊர் எழுந்தது, பெண்கள் எழுந்தார்கள், துறைமுகம் இனயத்தை விட்டு நகர்ந்தது. 2015-இல் ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் கேட்டு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தவர்களும் நம் ஆட்கள்தான். செப்டம்பரில் அறிவிப்பு வந்தது, நவம்பரில் உத்தரவு வந்தது. கடலுக்காக எழுந்த ஊர், பென்ஷனுக்காக அமர்ந்த படை, இரண்டும் சேர்ந்தவர்கள் நாம்.

குளச்சலில் 1741 போரின் நினைவாக ஒரு வெற்றித்தூண் நிற்கிறது. ஆண்டுதோறும் ராணுவத்தினர் வந்து அதற்கு மரியாதை செலுத்துகிறார்கள். தூணுக்குச் செய்யட்டும், நானும் நின்று சல்யூட் அடிப்பேன். ஆனால் அங்கிருந்து கூப்பிடுதூரத்தில் படுக்கைப்புண்ணோடு கிடக்கும் உயிருள்ள சிப்பாய்க்கு ஒரு டாக்டரையும் அதே வண்டியில் ஏற்றிவந்திருக்கலாம்.

வருகிற ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் இனயம் கோயில் முற்றத்தில் கூடுவோம். தேங்காய்ப்பட்டணம் பள்ளிவாசல் பக்கத்துத் தோழர்கள், கருங்கல், கீழ்குளம் தோழர்கள் எல்லாரும் வர வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ என்ற பென்ஷன் உத்தரவு, ஆதார், மெடிக்கல் போர்டு தாள், என்ஏ ஸ்லிப், பாக்கி நிற்கும் பில், எது கையில் இருந்தாலும் கொண்டுவாருங்கள். விதவைகள் கட்டாயம் வாருங்கள். நடக்க முடியாதவர்களை எங்களுக்குச் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து தூக்கிக்கொண்டு போகிறோம். அக்னிவீரனாகப் போன பிள்ளையின் அப்பா அம்மா இருந்தால், முன்வரிசை உங்களுக்கு.